பரிசோதனை சரியாக இருக்கிறது. களைப்பு ஏன் போகவில்லை?

புறநோயாளிப் பிரிவில் எங்கள் முன் அமர்ந்ததும் சிலர் முதலில் மன்னிப்புக் கேட்கிறார்கள். "பெரிய வியாதி ஒண்ணும் இல்லை டாக்டர், அசதிதான். உங்க நேரத்தை வீணாக்குறேன்" என்று தொடங்குகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு மூன்று ஆண்டுகளின் இரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஓர் ஈ.சி.ஜி., ஒரு மார்பு எக்ஸ்ரே. எல்லா அளவுகளும் வரம்புக்குள் இருக்கின்றன. புகையில்லை, மதுவில்லை. காலையில் நடக்கிறார்கள், எண்ணெயைக் குறைத்துவிட்டார்கள், அரிசியின் இடத்தில் வரகும் சாமையும் வந்துவிட்டன. ஆயினும், காலையில் கண் விழிக்கும்போதே நாள் முழுவதும் உழைத்து முடித்தவரைப் போல எழுகிறார்கள். மூன்றாவது மாடி வீட்டுக்கு ஏறுவதற்குள் இரண்டு இடங்களில் நிற்க வேண்டியிருக்கிறது. துணி பிழியும்போது கை ஓய்ந்துபோகிறது.

"எல்லாம் நார்மல், கவலைப்படாதீர்கள்" என்று நாங்களும் எத்தனையோ பேரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். ஆறுதல் சொல்வதாகவே நினைத்தோம். கேட்டவருடைய காதில் அது வேறு விதமாக விழுந்திருக்கிறது: உங்களுக்கு ஒன்றுமில்லை, நீங்களாக நினைத்துக்கொள்கிறீர்கள். வீட்டுக்குப் போனதும் மாமியாரோ கணவரோ மகனோ அதையே இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். பரிசோதனைத் தாள் சரியாக இருப்பது உரையாடலின் முடிவாக இருக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையில் எங்கள் கருத்து. 'நார்மல்' என்ற சொல், அந்தப் பரிசோதனை எதைத் தேடியதோ அதைப் பற்றி மட்டுமே பேசும். தேடாததைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

முதலில், சொல்லையே கவனிப்போம். அசதி என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரே துன்பத்தைச் சொல்வதில்லை. ஒருவருக்கு அது தூக்கம். பேருந்தில் உட்கார்ந்த உடனே கண் சொருகுகிறது. இன்னொருவருக்கு மூச்சிரைப்பு; நடந்தால் நெஞ்சு அடைக்கிறது. வேறொருவருக்குத் தசையில் வலுவில்லை. தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ முடிவதில்லை. சிலருக்கு உடம்பில் வலு இருக்கிறது, ஆனால் எதிலும் மனம் செல்வதில்லை. மற்றும் சிலர், "நேத்து கொஞ்சம் கூட வேலை செஞ்சேன், இன்னைக்கு எழுந்திருக்க முடியலை" என்கிறார்கள். இவை ஐந்தும் ஐந்து வெவ்வேறு திசைகளைக் காட்டுகின்றன. ஆனால் நோயாளி இத்தனை நுட்பமாகச் சொன்னதையெல்லாம் எங்கள் பேனா 'ஃபேட்டீக்' என்ற ஒரே சொல்லாகக் குறிப்பேட்டில் எழுதி முடித்துவிடுகிறது. நோயாளியின் தமிழ் எங்கள் குறிப்பைவிடத் துல்லியமானது என்று சொல்வதில் எங்களுக்கு வெட்கமில்லை.

ஓர் உதாரணம். இது ஒருவருடைய கதையன்று. பலரிடம் கண்டதை ஒருவராக்கிச் சொல்கிறோம். வயது நாற்பதைத் தாண்டியவர், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறார். ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் இரத்தசோகை என்று கணக்கு. ஆகவே 'நார்மல்' என்று இரண்டு இடங்களில் சொல்லிவிட்டார்கள். ஃபெரிட்டின் என்ற பரிசோதனையை யாரும் கேட்கவில்லை. உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தின் அளவைக் காட்டுவது அது. செய்து பார்த்தபோது 9 இருந்தது. நோய்த்தொற்றோ அழற்சியோ இல்லாத ஒருவருக்கு 15-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்துக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. வட்டிலில் அன்றைய சோறு இருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே அரிசிப் பானை காலியாகிவிட்டதைப் பார்க்காமல் விட்டது போலத்தான் இது. ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும்; பானை அதற்கு வெகு முன்பே காலியாகிவிடும்.

அவருக்கு மாதவிலக்கில் ஏழெட்டு நாள் இரத்தப்போக்கு இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. "அது எப்பவும் அப்படித்தான் டாக்டர்" என்றார். ஆரோக்கியத்துக்காக என்று, சாப்பிட்ட கையோடு தினமும் மூன்று வேளை கிரீன் டீ குடித்து வந்தார். தேநீர் எந்த நிறமாக இருந்தாலும், உணவில் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நல்ல பழக்கம் என்று மேற்கொண்ட ஒன்றே அவருடைய களைப்புக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தது.

2019-21 ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இந்தத் துணிக்கடைப் பெண்ணைப் போல ஹீமோகுளோபின் வரம்புக்குள் இருந்து, சேமிப்பு மட்டும் தீர்ந்துபோனவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். கனடிய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2012-இல் வெளிவந்த ஆய்வொன்றை இங்கே சொல்ல வேண்டும். காரணம் தெரியாத களைப்புடன், இரத்தசோகை இல்லாமல், ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்த 198 பெண்களில் ஒரு பாதியினருக்கு இரும்பு மாத்திரையும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். இரும்பு பெற்றவர்களுக்குக் களைப்பின் அளவு ஏறக்குறைய 48 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 29 விழுக்காடு குறைந்தது. இரண்டாவது எண்ணும் எங்களை யோசிக்க வைக்கிறது. ஒருவர் நம் களைப்பைப் பொருட்படுத்திக் கேட்டு, தொடர்ந்து விசாரித்து வந்தார் என்பதற்கும் அதில் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடத் தொடங்க வேண்டாம். இரும்பு ஏன் குறைந்தது என்பதே முக்கியமான கேள்வி. ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்கேயோ இரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். மூட்டுவலிக்கு ஆண்டுக்கணக்காக வலி மாத்திரை சாப்பிட்டதால் வந்த புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். மாத்திரையால் களைப்பு சற்றுத் தணிந்து, நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசிமேட்டுக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு, உடம்புக்கு நல்லது என்று மீனையும் முட்டையையும் அறவே விட்டவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். வேண்டுதலுக்காக விட்டவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம், குறை சொல்ல மாட்டோம். ஆனால் வைட்டமின் பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு விட வேண்டும். பாலும் தயிரும் ஓரளவுக்குத்தான் ஈடு செய்யும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு நாள்தோறும் மாத்திரை போடுபவர்களுக்கும் பி12 மேலும் குறையக்கூடும். களைப்போடு பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, மறதி, நாக்கில் புண் இருந்தால் இதை நினைக்க வேண்டும்.

தைராய்டு பலருக்கும் தெரிந்த பெயர். சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அதனால் பலர் ஏற்கெனவே மாத்திரை எடுத்து வருகிறார்கள். ஆனாலும் களைப்பு தீரவில்லை என்பார்கள். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், காலையில் காப்பியோடு தைராய்டு மாத்திரை, கூடவே இரும்பு, கால்சியம் என்று எல்லாம் ஒரே கையில் போகின்றன. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்த பிறகே காப்பி குடிக்க வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையின் அளவை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றியே சிலருக்குக் களைப்பு குறைந்திருக்கிறது. மருந்து எழுதித் தரும்போதே இதைச் சொல்லாதது எங்கள் தரப்பின் குறை.

"ஒரு குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று கேட்பவர்கள் இன்னும் குறையவில்லை. வழக்கமாக ஏற்றும் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை. வாயால் சாப்பிட முடிந்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பணத்துக்கு ஃபெரிட்டின் பார்த்துவிடலாம்.

அடுத்து உறக்கம். எங்கள் வட்டாரத்துக்கு இது தனிக் கதை. துறைமுகத்துக்கு நிற்கும் கண்டெய்னர் லாரி வரிசையில், கேபினுக்குள்ளேயே அரைகுறையாக உறங்குகிறவர் இருக்கிறார். மூன்று ஷிப்டில் வாரம் ஒரு முறை பகலும் இரவும் இடம் மாறுகிறவர் இருக்கிறார். மீன் ஏலத்துக்காக விடியும் முன்னே எழுந்து போகும் பெண்கள் இருக்கிறார்கள். நேரங்கெட்ட நேரத்தில் வரும் தண்ணீருக்காக அலாரம் வைத்துக்கொண்டு படுப்பவர்களுக்கு முழு உறக்கம் என்பது விருந்தாளி வருவது போல எப்போதாவதுதான். இவர்களிடம் "எட்டு மணி நேரம் தூங்குங்கள்" என்று எழுதிக் கொடுப்பது எளிது. எங்களுக்குச் சற்று நாணமாகவும் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் துணிந்து சொல்வோம். இரவு பன்னிரண்டுக்குப் படுத்து, நடைப்பயிற்சிக்காக நாலரைக்கு எழுகிறவர் அந்த நடையை மாலைக்கு மாற்றிக்கொள்ளட்டும். வயது வந்த ஒருவருக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை. உறக்கத்திலிருந்து வெட்டியெடுத்த நேரத்தில் செய்யும் பயிற்சி களைப்பைப் போக்குவதில்லை.

நேரம் போதுமான அளவு உறங்கியும் பகலில் தூங்கி வழிகிறவர்களுக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கலாம். பலத்த குறட்டை, இடையே சில நொடி மூச்சே நின்று பின் திணறி விழிப்பது, காலையில் தலைவலி, மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடல் பருத்தவருக்கு மட்டும் வருவதன்று. இதை நோயாளியால் அறிய முடியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். எந்த இரத்தப் பரிசோதனையிலும் இது காட்டாது. ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்கு இருந்தால், ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை. "லைசென்ஸ் போயிடும், வேலை போயிடும்" என்று இதை மறைக்கிற ஓட்டுநர்களை நாங்கள் அறிவோம். மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் கருவியை இரவில் பயன்படுத்தினால் பகல் தூக்கம் பெரும்பாலும் கட்டுக்குள் வந்து, வேலையைத் தொடர முடிகிறது. மறைக்க வேண்டியதில்லை.

எண்ணூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காத்துதான் காரணமா?" 2023 டிசம்பரில் மழைவெள்ளத்தோடு எண்ணெய் பரவியதையும், அதே மாதம் 26-ஆம் நாள் இரவு அமோனியா கசிந்ததையும் அனுபவித்தவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால் நுரையீரலின் திறனை அளந்து பார்க்கிறோம். அங்கே காற்றின் பங்கைப் பேச முடியும். களைப்பு மட்டும் இருக்கும் ஒருவரிடம், அது காற்றால் வந்தது என்று உறுதி சொல்ல எங்களிடம் கருவி இல்லை. அதற்காக அவர் கேள்வியைச் சிரித்துத் தள்ளவும் மாட்டோம். எங்கே வசிக்கிறார், எந்த ஆலையில், எந்த வெயிலில் வேலை செய்கிறார் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டியது எங்கள் கடமை.

இவை அனைத்தையும் பார்த்த பிறகும் சிலர் மிஞ்சுவார்கள். அவர்களுக்காகவே இதை எழுதத் தொடங்கினோம். கொரோனாவுக்குப் பின், டெங்குவுக்குப் பின், சில வேளை எந்தக் காய்ச்சலும் நினைவில் இல்லாமலே, ஆறு மாதத்துக்கும் மேலாக விடாத களைப்பு. உறங்கி எழுந்தாலும் தெளிவின்மை. படித்தது மனத்தில் நில்லாமை. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறிது கூடுதலாக உழைத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ முழுவதும் சரிந்துபோவது. இதற்கு நாட்பட்ட களைப்பு நோய் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 1969-லேயே இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உறுதிப்படுத்த இதுவரை ஒரு பரிசோதனையும் இல்லை. அறிகுறிகளைக் கேட்டும், மற்ற நோய்களை விலக்கியுமே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

மருத்துவர்கள் இதில் எவ்வளவு தவறினார்கள் என்பதற்கு லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனை சாட்சி. 1955 ஜூலையில் அங்கே பணியாற்றியவர்களிடையே ஒரு நோய் பரவியது. சில மாதங்களில் 292 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். மருத்துவமனையையே அக்டோபர் வரை மூட வேண்டியதாயிற்று. பலருக்குக் களைப்பும் தசை வலியும் நீண்ட நாள் தொடர்ந்தன. பாதிக்கப்பட்டவர்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் 1970-இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளைப் படித்து, பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டதையும் ஒரு காரணமாகக் காட்டி, அது கூட்டு மனக்கிளர்ச்சி என்று எழுதினார்கள். அந்த எழுத்தின் நிழல் பல பத்தாண்டுகள் நீடித்தது. "மெல்ல மெல்லப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போங்கள்" என்ற அறிவுரையை பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2021 அக்டோபரில்தான் கைவிட்டது. இந்த நோயாளிகளை அது இன்னும் சரிய வைக்கக்கூடும் என்பதை நோயாளிகள் பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாங்களும் அந்த அறிவுரையைச் சொன்னவர்கள்தாம். "சோம்பல் படாமல் நடங்கள்" என்று கேட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. குணமாகித்தான் வரவில்லை என்று அப்போது எண்ணிக்கொண்டோம்.

இந்நோய்க்கு இன்று குணப்படுத்தும் மருந்து இல்லை. உண்டு என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். செய்யக்கூடியது, கையில் உள்ள வலுவைச் சிக்கனமாகச் செலவிடுவது. சமையலை உட்கார்ந்து செய்வது, துணி துவைக்கும் நாளில் சந்தைக்குப் போகாமலிருப்பது, களைத்த பின் ஓய்வெடுப்பதைவிடக் களைக்கும் முன்பே நிறுத்துவது. குடும்பத்தாருக்கு இங்கேதான் சோதனை. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் சிரித்துப் பேசியவர் செவ்வாய்க்கிழமை படுத்துக் கிடந்தால், "அங்கே மட்டும் எப்படி முடிந்தது?" என்று கேட்கத் தோன்றும். அங்கே முடிந்ததன் விலையைத்தான் அவர் செவ்வாய்க்கிழமை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மனச்சோர்வைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. அது களைப்பாக வெளிப்படும். நீண்ட களைப்பும் மனச்சோர்வைக் கொண்டுவரும். உறக்கம், பசி, ஆசை எல்லாம் குறைந்து, உயிரோடிருப்பதே சுமை என்று தோன்றினால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வதால் உங்கள் களைப்பு பொய் என்று நாங்கள் கருதுவதாகப் பொருளாகாது. ஆனால் வேறெதையும் தேடாமல், முதல் நாளே "டென்ஷன்" என்று எழுதி முடிப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. முயலாமலே எடை குறைவது, மாலையில் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காலில் வீக்கத்தோடு மூச்சிரைப்பு, இரும்பு மாத்திரை எடுக்காமலே மலம் தாரைப் போலக் கறுத்துப்போவது. இவற்றில் ஒன்று களைப்போடு சேர்ந்தாலும் உடனே வாருங்கள். காசநோய் எங்கள் பகுதியைவிட்டு இன்னும் போகவில்லை.

மற்றவர்கள் வருவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு பழைய நோட்டில் குறித்து வாருங்கள்: எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எந்த வேலைக்குப் பிறகு களைப்பு, எத்தனை மணி நேரம் கழித்து. எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுவாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கியவை, நாட்டு மருந்துகள் உட்பட. அவற்றில் சிலவே பகல் முழுவதும் தூக்கத்தைத் தரக்கூடியவை. எங்கள் பங்குக்கு, காரணம் கிடைக்காத நோட்டில் 'நார்மல்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, 'காரணம் இன்னும் தெரியவில்லை. ஆறு வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும்' என்று எழுதத் தொடங்கியிருக்கிறோம். முடிந்தால், உங்களோடு ஒரே அறையில் உறங்குகிறவரையும் அழைத்து வாருங்கள். அவருக்கு வேலை இருந்தால், உங்கள் குறட்டையை ஒரு நிமிடம் கைப்பேசியில் பதிந்து தரச் சொல்லுங்கள்; அதுவே போதும்.